வெள்ளிக் கண்ணும் ரோஸ் அட்டையும்

என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. எனக்கு ஒன்பது வயதாகும்போதே பெரியவர்கள் கூடி இதை உறுதி செய்துவிட்டார்கள். குறையெல்லாம் என் புத்தியில்தானாம்.

எண்பதுகளின் தொடக்கம். பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர்ப் பக்கம், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டம். அதன் தமிழ்ப்பள்ளியில் நான் மூன்றாம் ஆண்டு. வாய்விட்டு வாசிக்கச் சொன்னால், ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குத் திரும்புவதற்குள் என் கண் தன் பாட்டுக்கு இரண்டு வரி தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்ளும். வரிக்கு அடியில் விரல் வைத்தால் ஒழுங்காக வரும். ஆனால் விரல் வைப்பது முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் வேலை என்பது எங்களுக்குப் பாடம் எடுத்த தலைமையாசிரியரின் சட்டம். வைத்த விரல்மேல் அடிக்கோல் விழும். என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கும் இதே கண், இதே அடி. தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தின் கடைசி வீட்டுப் பெண் அவள். இருவர் விரலும் ஒன்றாகவே வீங்கும்.

ஒருநாள் பள்ளியில் நடந்த கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுத் துப்புரவுப் பணி பற்றிய பாடம். ஒரு வரி 'தலைமையாசிரியர்' என்று முடிந்தது. என் கண் தாண்டியது. "தலைமையாசிரியர் திடலில் புல் மேய்ந்துகொண்டிருந்தன" என்று கணீரென்று வாசித்தேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, மேய்ந்தவர் ஒருவரைத் தவிர. அன்றே அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்.

"கண்ண டெஸ்ட் பண்ணிப் பாருங்க. கண்ணு நல்லா இருந்தா கொழுப்புதான்."

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிடையாது, மருந்து கொடுக்கும் டிரெசர்தான். அவர் சுவரில் தொங்கிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் தொட்டுக் கேட்டார். கடைசிப் பொடி எழுத்துவரை சொல்லிவிட்டேன். தொட்டுக் காட்டினால் யாருக்குத்தான் வரி மாறும்? அவர் குச்சி வைத்தால் வைத்தியம், நான் விரல் வைத்தால் குற்றம்!

"ஒண்ணும் இல்லலா. கழுகுக் கண்ணு," என்று அப்பாவிடம் சொன்னார்.

ஆக, கொழுப்பு என்று முடிவாகிவிட்டது. அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர், அதிகம் பேசமாட்டார். "வருசக் கடைசியில ரிப்போட் வாங்க வருவேன். அன்னைக்கு வாத்தியார் முன்னால ஒரு பக்கம் ஒழுங்கா படிக்கணும். இல்லன்னா அம்மாகூட பழம் பொறுக்கப் போ," என்றார். செம்பனை மரத்தடியில் சிதறும் உதிரிப் பழத்தைக் குனிந்தபடியே சாக்கில் பொறுக்குகிற வேலை அது. அம்மாவின் நகக்கண்ணெல்லாம் முள்.

அம்மா முதலில் பொன்னாங்கண்ணிக் கீரையை எனக்குள் அடைத்துப் பார்த்தாள். பிறகு மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டாள்.

"கண்ணு நல்லாருக்குன்னு டிரெசர் சொன்னாரே, அப்புறம் எதுக்கும்மா சாமிக்குக் கண்ணு?"

"வாய மூடு. சாமி காரியத்துல நொட்டை சொல்லாத."

பத்தாங் பெர்ஜுந்தாய் நகைக்கடையில் வாங்கிய இரண்டு குட்டி வெள்ளிக் கண்கள் தடித்த ரோஸ் அட்டையில் நூலால் கட்டப்பட்டிருந்தன. கோயிலில் பூசாரி கண்களைப் பிரித்து அம்மன் காலடியில் வைத்தார். அட்டையைத் தூக்கி எறிந்தார். அழகாக இருக்கிறதே என்று பொறுக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து வரிக்கு அடியில் அதை வைத்தால், அடடா! கீழே உள்ள வரிகளெல்லாம் மறைந்துவிட்டன. பாழாய்ப்போன கண் தாண்டிப் போவதற்கு இடமே இல்லை.

ரிப்போட் நாளில் அட்டையை நகர்த்தி நகர்த்தி ஒரு பக்கம் முழுக்கப் படித்தேன். தலைமையாசிரியர் அட்டையைப் பிடுங்கினார். "இப்பப் படி." இரண்டாம் வரியிலேயே கண் தாண்டிவிட்டது.

"பாத்தீங்களா? எல்லாம் ஏமாத்து வேல," என்றார், ஏதோ கள்ளனைப் பிடித்துவிட்டவர்போல.

அப்பா மேசையிலிருந்து அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இருந்தா படிக்கிறாதானே சார்? இதோடயே படிக்கட்டும்," என்று என் கையில் கொடுத்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

லயத்தில் அம்மா சொல்லிக்கொண்டு திரிந்தது வேறு கதை. அம்மனே கண் கொடுத்துவிட்டாளாம். உடனே கடைசி வீட்டு அத்தையும் தன் மகளுக்காக வெள்ளிக் கண் வாங்கிச் சாத்தினார். நான் ஓடினேன்.

"அத்தை, அந்த அட்டை எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன். ஏன்?"

"அட்டையாலதான் அத்தை நான் படிக்கிறேன். கண்ணு சும்மா."

"அடி செருப்பால! சாமியவா கிண்டல் பண்ற? நாக்கு அழுகிடும்டி."

பள்ளி திறந்ததும் என் அட்டையை இரண்டாக வெட்டிப் பாதியைத் தோழிக்குக் கொடுத்தேன். தலைமையாசிரியர் அவளுடையதை மட்டும் பிடுங்கிக் கிழித்தார். "அவளுக்கு அவ அப்பா வந்து கேட்டாரு. ஒனக்கு யாரு வந்து கேட்டா?"

அவளுக்காக யாரும் வரவில்லை. சாமி கண் கொடுத்தும் படிக்காத பிள்ளையை யார் நம்புவார்கள்? அந்த ஆண்டு பாதியிலேயே அவளுக்கும் ஒரு சாக்கைக் கொடுத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அங்கே வேலை வாங்கும் மண்டோருக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒருநாள் எங்கள் வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார்:

"அந்தப் புள்ளைக்கு என்னா கண்ணுய்யா! புல்லுக்குள்ள கெடக்குற ஒத்தப் பழத்தக்கூட விடமாட்டேங்குது."