அம்பரோ சொல்லாத பாட்டு

பாலைவன ஊரான புராவோவின் சந்தையில் ஒட்டகப்பால் விற்கும் அம்பரோ காலையில் ஒரு பாட்டுக் கட்டினால், லாரிக்காரர்கள் வாய்வழியாகச் சாயங்காலத்துக்குள் அது அடுத்த ஊர்க் கிணற்றடிக்குப் போய்விடும். ஒரு சொல்கூடப் பிசகாது. சுல்தானுக்கே இல்லாத அதிகாரம் அந்தப் பால்காரிக்கு.

மேய்ச்சல் தகராறில் எதிர்க்குலத்து வர்ஃபா அம்பரோவின் குலத்தாரைக் கோழைகள் என்று பாட்டுக் கட்டி அனுப்பினான். அவள் அண்ணன் கூலேத் கொதித்துப்போய் நேரே அவளிடம்தான் வந்தான்.

"பதில் பாட்டு ரெடியா?"

"நேத்தே கட்டிட்டேன். நான் கட்டினதுலயே இதுதான் ரொம்ப நல்லா வந்திருக்கு."

"அப்ப சொல்லு! அவன் மானம் கப்பலேறணும்."

அம்பரோ வாசலைப் பார்த்தாள். குலத்து இளவட்டங்கள் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். பாட்டைக் கேட்ட மறுநிமிஷம் கிளம்பிவிடுவார்கள்.

"சொல்ல மாட்டேன்."

"ஏன், பயந்துட்டியா? அம்பரோவுக்குப் பாட்டு வத்திப்போச்சுன்னு ஊரே சிரிக்கும்டி."

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

"பைத்தியக்காரி! வாயைத் திறக்காம வச்சிருந்தா நீயே அதை மறந்துடுவே."

அம்பரோ பால்குடத்தைத் துடைத்துக் கவிழ்த்தாள்.

"நான் ஒருத்தி மறந்தா அதோட போச்சுண்ணே. நீங்க கேட்டுட்டா, உங்க பேரப்பிள்ளைங்ககூட மறக்க மாட்டாங்க."