படி சவுட்டாத அண்ணன்

எங்கள் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால், ஒரு மாசி மாதத்துச் சிவராத்திரி அன்று நடந்தது இது. எந்த வருஷம் என்று பேத்தி கேட்கிறாள். எனக்கு எழுதவும் தெரியாது, வருஷக் கணக்கும் வராது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். என் மூத்த மகளுக்கு அப்போது கீழ்ப்பல் இரண்டு முளைத்திருந்தது. அதுதான் என் கணக்கு. தக்கலையிலிருந்து மேலாங்கோட்டுக்குப் போகிற வழியில் என்னைக் கட்டிக் கொடுத்த வீடு. பிறந்த வீடு திற்பரப்புக்குப் பக்கத்தில். அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கி வளர்ந்தவள் நான். இங்கே வந்த புதிதில் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கமே வரவில்லை.

சிவாலய ஓட்டம் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சிவராத்திரிக்கு எங்கள் பக்கத்து ஆண்கள் பன்னிரண்டு சிவன் கோயில்களையும் ஓடியே கும்பிடுவார்கள். முந்தின நாள் திருமலையில் தொடங்கினால் மறுநாள் திருநட்டாலத்தில்தான் நிற்பார்கள். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் விபூதிக்கு ஒரு துணிப்பை. ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈர வேட்டியோடு அடுத்த கோயிலுக்கு. ஒருவன் "கோவிந்தா" என்றால் மற்றவன் "கோபாலா" என்பான். சிவன் கோயிலுக்கு ஓடுகிறவன் ஏன் பெருமாளைக் கூப்பிடுகிறான் என்று கேட்டால் பீமன் கதையைச் சொல்ல வேண்டிவரும். அது பெரிய கதை. பேத்தி இப்போதே முறைக்கிறாள்.

எங்கள் வீடு ஏழாவது கோயிலான கல்குளத்துக்கும் எட்டாவதான மேலாங்கோட்டுக்கும் நடுவில். காலை வெயில் ஏறும்போது எங்கள் வாசல் வழியாக அலை அலையாக ஓடுவார்கள். வழியில் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது கொடுப்பார்கள். ஒரு வீட்டில் மோர், ஒரு வீட்டில் கஞ்சி, இன்னொரு வீட்டில் பானகம். எங்கள் வீட்டில் மாமியார் கருப்பட்டி போட்ட சுக்கு வெள்ளம் கொடுப்பார். வெள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் தண்ணீர். மாமனார் எண்ணெய் தேய்ப்பார்.

மாமனாரும் ஒரு காலத்தில் ஓடியவர்தான். முழங்கால் கெட்டுப் போனதால் நின்றுவிட்டார். அன்றிலிருந்து, ஓடுகிறவர்களின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதாக நேர்ச்சை, வேண்டுதல் மாதிரி. நல்லெண்ணெயைக் கற்பூரம் போட்டுக் காய்ச்சி, ரோட்டோரம் பூவரசு மரத்தடியில் மணைப் பலகை போட்டு உட்கார்ந்துகொள்வார். எதிரே ஒரு பெஞ்சு. வருகிறவன் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினால் போதும். மாமனார் குனிந்த தலையை நிமிர்த்த மாட்டார். ஒரு தடவை மாமியார் அதைக் கேட்டதற்கு, "மூஞ்சிய பாத்தா இவன் யாரு, எந்த ஊரு, என்ன ஆளுன்னு மனசு கேக்கும். கால பாத்தா காலு மட்டும்தான்" என்றார். சாதாரண நாளில் அவ்வளவு இளகின மனுஷன் இல்லை அவர். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அப்படி.

அவருடைய மற்ற நாள் குணத்தையும் சொல்லத்தான் வேண்டும். என் கல்யாணப் பந்தியிலேயே அது தெரிந்துவிட்டது. அவருக்கு அடைப்பிரதமன் பாயசம் என்றால் உயிர். என் அண்ணன் பிரதமன் வாளியோடு விளம்பிக்கொண்டு, அதாவது பரிமாறிக்கொண்டு போகிறான். சம்பந்தி ஆயிற்றே, இரண்டு தடவை நிறையவே விட்டிருக்கிறான். மூன்றாவது தடவை அவர் இலையில் கையைக் குவித்து வைத்துக் காத்திருக்கிறார். அண்ணன் நிற்காமல் தாண்டிப் போய்விட்டான். அவர் கூப்பிட்டதற்கு ஓடுகிற ஓட்டத்திலேயே, "மாமாவுக்கு ரெண்டு மட்டம் ஆச்சே. அங்கோட்டு உள்ளவங்களுக்கு ஒரு மட்டம்கூட எத்தலியே" என்றான். பந்தி முழுவதும் சிரித்தது. யாரோ ஒருவர் சும்மா இருக்காமல், "சம்பந்திக்கு ஒரு கெணறு வெட்டி பிரதமன ஊத்துங்கப்பா" என்றார்.

மாமனார் பாதி இலையில் எழுந்துவிட்டார். பந்தியில் பாதி இலையில் எழுவது என்றால் சும்மாவா. "பிள்ளைய கொண்டு போறேன். அதோட தீந்துது. உங்க ஆளு ஒருத்தரும் இனி என் வீட்டு படி சவுட்டப்படாது" என்றார். சவுட்டுவது என்றால் மிதிப்பது. எங்கள் பக்கத்துப் பேச்சு.

படி என்றால் நிஜமாகவே ஒரு படிதான். ரோட்டிலிருந்து எங்கள் முற்றத்துக்கு ஏறுகிற ஒற்றைக் கருங்கல். அதற்கு அப்புறம் என் வீட்டு ஆட்கள் யாரும் அதை மிதிக்கவில்லை. தலைப்பிரசவத்துக்குக்கூட என்னைக் கூப்பிட்டுப் போக முடியவில்லை. தலைப்பிள்ளையை மாமியார் வீட்டில் பெற்றவள் எங்கள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாமியார் நல்லவர். பெற்ற மகளைப் போல என்னைக் குளிப்பாட்டி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயமருந்து கிளறிக் கொடுத்தார். ஆனால் வலி வரும்போது வாய் கூப்பிடுவது அம்மாவைத்தானே.

அந்தத் தை மாதம் சக்கை விற்க வந்த ஒரு பெண் என் பிறந்த ஊர்ப் பக்கத்தவள். சக்கை என்றால் பலாப்பழம். அவள் சொல்லித்தான் தெரிந்தது, அம்மா படுத்த படுக்கையாகி விட்டாளாம், பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாளாம். நான் அழுததைப் பார்த்து வீட்டுக்காரர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டார். மாமனார், "அவளுக்க ஆளுவ வந்து முறையா விளிச்சா விடுகேன்" என்றார். வந்து கூப்பிட்டால் விடுவாராம். வர வேண்டுமானால் படியை மிதிக்க வேண்டும். படியையோ மிதிக்கக் கூடாது. இந்த முடிச்சை யார் அவிழ்ப்பது. வீட்டுக்காரர் தக்கலைக் கடைக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் ஓட்டமே நடக்காது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முந்தின ஆடி மாதத்தில்தான் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்திருந்தார்கள். ரோட்டில் நாலு பேர் சேர்ந்து நிற்கவே பயந்த காலம். ஆனால் சிவராத்திரி அன்று காலையில் கல்குளம் பக்கமிருந்து "கோவிந்தா" என்று முதல் குரல் கேட்டது. பிறகு பார்த்தால் ரோடு கொள்ளவில்லை. அத்தனை காவி. மாதக்கணக்காகச் சாத்திக் கிடந்த வாசல்களில் எல்லாம் பானைகள் வந்துவிட்டன. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு பேரு பாத்தியா மக்கா. வெள்ளம் போராது, இன்னொரு பானை வையி" என்றார்.

நான் இடுப்பில் பிள்ளையோடு சுக்கு வெள்ளம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அண்ணனைப் பார்த்தேன். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, ஈர வேட்டியோடு வருகிறான். முதலில் கூட்டத்தோடு கடந்து போகப் போகிறான் என்றுதான் நினைத்தேன். ஒரு பார்வை பார்த்தால் போதும், பிள்ளையைத் தூக்கிக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நேராக வந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். காலை நீட்டினான்.

மாமியாரும் பார்த்துவிட்டார். முன்னால் நின்றவன் கையில் வெள்ளம் வழிந்து ஓடுகிறது, ஊற்றுகிற கை நிற்கவில்லை.

அண்ணனுடைய வலது காலில் இரண்டாம் விரல் பெருவிரல் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பிறவியிலேயே அப்படி. மாமனார் எண்ணெயைத் தொட்டு அந்தக் காலைப் பிடித்தார். குதிகால், உள்ளங்கால் என்று தேய்த்துக்கொண்டே வந்தவர், அந்த விரலைத் தொட்டதும் நிறுத்திவிட்டார். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு விளம்புகிறவனின் முகம் தெரியாது, கால்தான் தெரியும். இது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மாமனார் தலையை நிமிர்த்தாமலே, "இது எனக்க இலைக்க முன்னால நிக்காம போன காலுல்லா" என்றார்.

அண்ணன் மெதுவாக, "கோபாலா" என்று மட்டும் சொன்னான்.

காலைத் தட்டி விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். தட்டிவிட்டால் முடிந்தது. அம்மா என் பிள்ளையைப் பார்க்காமலே போய்விடுவாள். மாமனார் பிடித்த காலை விடவும் இல்லை, தேய்க்கவும் இல்லை. பின்னால் நின்ற ஒருவன் பொறுமையில்லாமல், "பாட்டா, அந்தாளுக்கு மட்டும் என்ன கல்யாண எண்ணெயா? நாங்க ஓடாண்டாமா?" என்றான்.

"கல்யாண எண்ணெயேதாம்பில. நீ கெடந்து சாடாத" என்று சொல்லிவிட்டு, மாமனார் இன்னும் கொஞ்சம் எண்ணெயைக் கையில் ஊற்றினார். அந்த ஏறின விரலைத் தனியாகப் பிடித்து நீவினார். மற்றக் காலையும் எடுத்து மடியில் வைத்தார்.

"ஓடுகவனுக்கு பேரும் ஊரும் கெடையாது. ஆனா அம்ம உண்டும்லா. அம்ம எப்பிடி இருக்கா?"

"கெடையிலாக்கும் மாமா. பிள்ளைய ஒருக்கா கண்டா போரும்னு சொல்லிட்டு கெடக்கா." அண்ணன் இடுப்பு விபூதிப் பையைத் தொட்டுக் காட்டினான். "அதுக்காச்சுட்டிதான் நேந்துட்டு ஓடுகேன்."

மாமனார் என் பக்கம் திரும்பாமல், "ஏட்டி, பிள்ளைய இங்க கொண்டா" என்றார்.

படியிறங்கிப் போனேன். அண்ணன் இடுப்புப் பையைத் திறந்து விபூதி எடுத்து என் மகள் நெற்றியில் பூசினான். ஏழு கோயில் விபூதி கலந்த பை அது. மூன்றாவது கோயில் எங்கள் திற்பரப்பு. என் பிள்ளைக்குத் தாய் ஊரிலிருந்து வந்து சேர்ந்த முதல் சீர் அதுதான். அவள் அதை வழித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஓட்டம் முடிஞ்சு நாளைக்கு மடங்கி போவும்போ வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டு போ" என்றார் மாமனார்.

அண்ணன் எழுந்து நின்றான். கருங்கல்லைப் பார்த்தான். "மாமா, படி..."

"சவுட்டப்படாதுன்னுதாம்ல சொன்னேன். தாண்டப்படாதுன்னு சொன்னனா?"

நின்றவர்களுக்கு விஷயம் தெரியாது. ஆனாலும் எல்லாரும் சிரித்தார்கள். மாமியார்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. அண்ணன் "கோவிந்தா" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓடினான். அந்தக் குரல் மேலாங்கோடு வரை கேட்டிருக்கும்.

மறுநாள் உச்சி வேளைக்கு வந்தான். கால் இரண்டும் வீங்கியிருந்தது. அந்தக் காலோடு படியைத் தாண்டிக் குதித்து, நிற்க முடியாமல் முற்றத்தில் பொத்தென்று விழுந்தான். உள்ளேயிருந்து மாமனார், "பிரதமன் வாளி கையில இல்லாம வந்தா அப்பிடித்தான் விழணும்" என்றார்.

மாமியார் காலையிலேயே அடைப்பிரதமன் வைத்திருந்தார். மாமனாரே வாளியைத் தூக்கி விளம்பினார். அண்ணன் இலையில் இரண்டு தடவை விட்டார். மூன்றாவது தடவை அண்ணன் கையைக் குவித்து வைத்துக் காத்திருக்க, நிற்காமல் தாண்டிப் போய்விட்டார். "ரெண்டு மட்டம் ஆச்சே மாப்பிளே" என்றார். அண்ணன் சிரித்த சிரிப்பில் புரையேறி, நான்தான் தலையில் தட்டினேன். அவனை நான் தொட்டே எவ்வளவு காலம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலமே குலசேகரம் வரை பஸ்ஸிலும் அப்புறம் நடந்தும் போய்ச் சேர்ந்தோம். அருவிச் சத்தம் தூரத்தில் கேட்டதும் எனக்கு நடை ஓட்டமாகிவிட்டது. அம்மா பேத்தியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அந்த இரண்டு பல்லையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். சித்திரை விஷுவுக்குக் கனி காணும் வரை இருந்தாள். அதுவரை நானும் அவள் பக்கத்தில் இருந்தேன்.

அதற்கப்புறம் அண்ணன் எத்தனையோ தடவை எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு நாளும் அந்தப் படியை மிதித்ததில்லை, தாண்டித்தான் வருவான். மாமனார் காலமான பிறகு, "இனியாவது சவுட்டி வா அண்ணா, வயசாச்சுல்லா" என்றேன். "சொன்ன ஆளு வந்து சொல்லட்டும், சவுட்டுகேன்" என்றான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அவனைப் பார்த்துப் பழகி, எல்லாரும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போவார்கள். புதிதாக வருகிறவர்கள் கல் ஆடுகிறதோ என்று கேட்பார்கள்.

அண்ணனும் இப்போது இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது படியும் போய்விட்டது. முற்றமும் ரோடும் ஒரே மட்டம். இருந்தாலும் அந்த இடம் வரும்போது என் கால் தானாகவே கொஞ்சம் உயர்கிறது.

இப்போதும் சிவராத்திரிக்குச் சுக்கு வெள்ளத்தோடு வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். பாதிப் பேர் பைக்கில் போகிறார்கள். போகட்டும், அவர்களும் "கோவிந்தா" என்றுதான் சொல்கிறார்கள். கண் மங்கிவிட்டது, முகம் ஒன்றும் தெரியாது. ஓடி வந்து நிற்கிறவனுக்கு வெள்ளத்தை ஊற்றிவிட்டு நான் குனிந்து அவன் காலைப் பார்க்கிறேன், பெருவிரல் மேல் ஏறி உட்கார்ந்த விரல் ஏதாவது உண்டா என்று.