உப்பு வைத்த மரம்

கோவையில் தாவரவியல் படித்த எழிலரசி, கல்யாணமாகி அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டருக்கு வந்ததும் வேலை பார்க்க விசா இடம் கொடுக்காமல் ஆறு வருஷம் வீட்டோடு கிடந்தாள். பொழுது போக வேண்டுமே என்று, அந்தக் காலத்துப் பட்டு ஆலை முதலாளி ஒருவர் கட்டிய கோட்டையின் தோட்டத்தில் வாலண்டியராகக் களை எடுக்கப் போனாள். கிரீன் கார்டு வந்த 1997இல் அங்கேயே சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அரிய மரங்கள் அவள் பொறுப்பு.

அவற்றில் ஒன்று பிராங்க்ளினியா. காட்டில் எப்போதோ பூண்டோடு போய்விட்டது, தோட்டங்களில்தான் மிச்சம். ஆகஸ்டில் வெள்ளை வெளேரென்று பூக்கும். அந்த வருஷம் பூக்காமல், இலை நுனி கருகி நின்றது.

ஒரு சனிக்கிழமை, ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் கிட்டுசாமியையும் காரில் கூட்டிப்போனாள். பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு பார்த்த மனுஷர், வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் டிவியோடு சண்டை பிடிப்பார்.

மரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். "அம்மிணி, இது உப்புக்கு ஏங்குது."

"சும்மா இருங்க மாமா," என்று சிரித்துவிட்டு மறுபக்கம் கிளை வெட்டப் போனாள்.

திரும்பி வந்தபோது அடிமரத்தைச் சுற்றி வெள்ளை வட்டம். பனி உருக்க வாங்கிக் கொட்டகையில் போட்டிருந்த கல்லுப்பு மூட்டையைப் பிரித்து மரத்தடியில் கொட்டிவிட்டு, ஹோஸால் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசத்துல பாரு, எப்படித் தழையுதுன்னு."

எழிலரசி ஓடிப்போய் ஹோஸை மூடினாள். உப்பு தங்கினால் மரம் பட்டுப்போகும்; அது கரைந்து வெளியேற நிறையத் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் தேங்கினாலோ இந்த மரத்துக்கு வேர் அழுகிவிடும். மேலே கிடப்பதை வழித்துப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். வேலை தப்பும். மரம்?

தலைமைத் தோட்டக்காரி மார்த்தாவிடம் போய்ச் சொன்னாள்.

இருவரும் மண்ணைத் தோண்டி எடுத்தார்கள், வாய்க்கால் கீறித் தண்ணீர் விட்டு வடித்தார்கள். முடிந்ததும் மார்த்தா, எழிலரசியிடமிருந்த கொட்டகைச் சாவிக்குக் கையை நீட்டினாள்.

காரில் கிட்டுசாமி கேட்டார். "ஏனம்மிணி, அந்தம்மா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுப் போறா?"

"வசந்தத்துல மரம் துளுத்தாத்தான் எனக்கு வேலைங்க மாமா."

"ஒரு குத்து உப்புக்கா? எங்கப்பன் காலத்துலருந்து வெக்கறோம்."

"தென்னைக்குங்க மாமா, தென்னைக்கு!"

அவரிடம் அவள் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் படபடப்பில் வீட்டுக்குத் திரும்பும் எக்ஸிட்டையும் விட்டுவிட்டாள்.

அடுத்த எக்ஸிட்டில் அவள் காரைத் திருப்பும்போது அவர் சொன்னார். "நாஞ்செஞ்சதுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லு."

"சொன்னேனுங்க மாமா. கூட்டிட்டு வந்தது யாருன்னு கேட்டாங்க."