கலாராணி விழ மறுத்த வரலாறு

இலங்கையின் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கலாராணி என்ற பெண் தலைவியாகாமல் போன வரலாற்றைத் துணிவு பற்றி ஆராயும் பெருமக்களின் நலன் கருதி எழுதி வைக்கிறேன்.

2003இல் அத்தோட்டத்து இளைஞர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கோழி வளர்த்தார்கள். 'வளர்த்தார்கள்' என்பது சங்க மொழி. கொழுந்து பறித்துவிட்டு வந்து கொட்டிலைக் கூட்டியதும் தீனி வைத்ததும் கலாராணி. சங்கத்து இளைஞன் நிஷாந்தும் அவன் நண்பர்களும் கோழிகளின் எதிர்காலம் பற்றிக் கோயிலடியில் பேசினார்கள்.

சங்கத்துக்குத் தலைவர் தேவைப்பட்டார். கலாராணி அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டாள். ஒழுகும் கொட்டிலுக்குத் தகரம் போடத் தலைவர் சொன்னால்தான் நடக்கும். அதே பதவியைக் கேட்ட நிஷாந்தோ இருநூறு குஞ்சை ஒரேயடியாக இறக்கலாம் என்றான்.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு ரிஸ்க் எடுக்கத் தெரியாது."

"செத்த குஞ்ச நீ வந்து அள்ளுவியா?"

"அதப் பொறகு பாப்போம்."

விவகாரத்தைத் தீர்க்கப் பதுளையிலிருந்து பயிற்சி அதிகாரி குமாரசிங்கம் வந்தார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில் பரீட்சை. கண்ணைக் கட்டிக்கொண்டு பெஞ்சின் மேலிருந்து பின்பக்கமாக விழ வேண்டும். பின்னால் நிற்பவர்கள் தாங்குவார்கள். நம்பி விழுபவரே தலைவர்.

நிஷாந்த் விழுந்தான். பெண்கள் நால்வர் தாங்கினார்கள். கைதட்டல்.

அடுத்து கலாராணி ஏறினாள். தாங்க வேண்டியவர்கள் பையன்கள். கண்கட்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். அவர்கள் ஜன்னலோரம் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை, பார்க்கக் கூடாது. நம்பி விழுங்கோ."

"யார நம்பி சார்? ஸ்கோரையா?"

"அப்பிடிக் கேட்டா உங்களிட்ட நம்பிக்கை இல்லையெண்டுதான் அர்த்தம்."

அவள் இறங்கிவிட்டாள். நம்பிக்கை எப்படி இருக்குமென்று காட்ட அதிகாரியே ஏறினார். பையன்கள் பின்னால் வந்து நிற்க, கண்ணை மூடிச் சாய்ந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு விக்கெட் விழ, பையன்கள் ரேடியோவுக்குப் பாய்ந்தார்கள். அதிகாரியின் முழு எடையையும் ஓடிப்போய்த் தாங்கியவள் கலாராணி. மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

குமாரசிங்கம் எழுந்து சட்டையைச் சரிசெய்தார். தீர்ப்பும் சொன்னார்: "ஆம்பிளைப் பிள்ளையள் துணிவானவை. பொம்பிளைப் பிள்ளையள் தாங்கிறதுக்கு நல்லவை."

நிஷாந்த் தலைவரானான். குஞ்சுகள் வந்தன. பின்னாலேயே அடைமழையும் வந்தது. கொட்டிலில் கணுக்கால் தண்ணீர். சுளுக்கிய கையோடு கலாராணி இருநூறையும் கூடை கூடையாகத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான தன் லயக் காம்பராவுக்குள் சேர்த்தாள். அம்மாவும் அவளும் அடுப்படியில் உட்கார்ந்தே விடியவைத்தார்கள்.

மழை விட்டபின் தலைவர் வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா கலா? ரிஸ்க் எடுத்தா ஒண்ணும் ஆகாது. நீதான் சும்மா பயந்த."