கொரிய விருந்தில் வாங்கிய அடி

மகளுக்குத் திருமணம் நிச்சயமானதும், மருமகனின் ஜெர்மன் பெற்றோர் எங்களை டுசல்டோர்ஃபில் ஒரு பெரிய கொரிய உணவகத்துக்கு அழைத்தார்கள். சின்னச் சின்னத் தட்டுகளாகப் பன்னிரண்டு வகை வரும் என்றார்கள். ஐந்தாவதாக வந்த அரிசி உருண்டை ரப்பர்போல இழுபட்டது. சம்பந்திகளுக்கு முன்னால் துப்ப வெட்கப்பட்டு அப்படியே விழுங்கினேன். தொண்டை அடைத்துவிட்டது.

மூச்சு வரவில்லை. இருந்தும் சிரித்தபடி எழுந்துபோய்க் கழிப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

என் முகத்தைக் கவனித்துப் பின்னால் வந்த மகள், "அம்மா, திறவுங்கோ!" என்று கத்திக் கதவில் குத்தினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த சமையற்காரர் கதவை உதைத்து உடைத்தார். என் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தார். பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, மடக்கிய கைமுஷ்டியால் வயிற்றை அமுக்கினார். அந்நிய ஆண் தொடுகிறாரே என்று அவர் கையை இரத்தம் வரப் பிறாண்டினேன். அவர் விடவில்லை. விலா எலும்பு முறிந்தது, உருண்டையும் வெளியே தெறித்தது.

மகள் என் தோள்களைப் பிடித்து உலுக்கினாள். "சாகிறதுக்கும் வெட்கமே அம்மா உங்களுக்கு?"

இப்போது தொண்டையில் ஏதாவது சிக்கினால் நான் எழுந்து போவதில்லை. மேசையில் ஓங்கி அடிக்கிறேன். போன கிழமை சம்பந்தி வீட்டில் வெண்ணெய் பூசிய பாண் துண்டு சிக்கியபோதும் அடித்தேன். இரண்டு கிளாஸ்கள் விழுந்து உடைந்தன. சம்பந்தியம்மா பாய்ந்து வந்து முதுகில் வைத்த அடி இன்னும் நோகிறது.