அத்தாவின் பாதி ஷட்டர்

கிரீஸும் துருவும் கலந்த அந்த வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது... கள்ளக்குறிச்சியில் எங்கள் பாத்திரக்கடை ஷட்டரின் வாசனை.

ஊரில் யார் பந்த் நடத்தினாலும் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஷட்டரைப் பாதிதான் இறக்குவார். பந்த்காரர்களுக்கு அது மூடிய கடை, குனிந்து வருகிறவர்களுக்குத் திறந்த கடை! எல்லாக் கட்சிக்காரரும் எங்களிடம்தான் சீர்வரிசைப் பாத்திரம் வாங்குவார்கள். யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கணக்கு.

முஸ்லிம்களுக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம் அது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு முன்னால் மறியல். போனால் கைது நிச்சயம். எனக்கோ துபாய் வேலை கூடி வந்து, பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"கேஸு கீஸுன்னு ஆச்சுன்னா துபாய் அம்போதான். நமக்கு இன்னாத்துக்குடா இதெல்லாம்?" என்றார் அத்தா.

எனக்குக் கோபம் வந்தது. நல்ல மார்க் வாங்கியும் டீச்சர் டிரெயினிங் சீட் கிடைக்காமல் கடைக்கு வந்தவன் நான். தங்கச்சி பாத்திமா அப்போது பிளஸ் டூ.

"அவளும் இங்க வந்து குண்டான் தொடச்சிக்கினு ஒக்காரணுமா அத்தா? நான் போறேன்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அத்தா விறுவிறுவென்று கடைக்குப் போய்விட்டார்.

ஊர்வலம் எங்கள் கடையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். வழக்கம்போல ஷட்டர் பாதியில் நின்றது. அத்தா குனிந்து வெளியே வந்தார்... முழுசாக இழுத்துவிட்டுப் பூட்டினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டே என் பக்கத்தில் வந்து, "நட" என்றார்.

சாயங்காலம் வரை கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். போலீஸ் கொடுத்த தக்காளி சாதத்தில் உப்பு கம்மி என்று அத்தா சண்டைக்குப் போனது தனிக்கதை. அந்தக் கைதால் விசாரணை இழுத்துக்கொண்டே போய், பாஸ்போர்ட் வந்து சேர்வதற்குள் துபாய் வேலை கைநழுவிவிட்டது. வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பிறகு இடஒதுக்கீடு வந்தது. பாத்திமா இப்போது வெள்ளிமலையில் டீச்சர்.

அத்தா இல்லை. போன வாரம் கடைக்கு மோட்டார் ஷட்டர் போட்டோம். சுவிட்சை அழுத்தினால் போதும், சத்தமும் இல்லை, அந்த வாசனையும் இல்லை...

ஷட்டரை மாட்டித் தந்த மெக்கானிக் கிளம்பும்போது சொன்னார்: "பாதியில நிறுத்தாதீங்க பாய், மோட்டாரு பூடும்."

"அந்தப் பழக்கத்த எங்க அத்தா அன்னிக்கே வுட்டுட்டாருங்க" என்றேன்.