சோபாவுக்குள் ஒளிந்த பூனை

வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்காமல் வீடு திரும்பிய நாளே அந்த சோபாக்காரருக்குக் கிடையாது. வாலிபத்தில் மூன்று பேரின் மூக்கை உடைத்தவர். பழைய சோபாக்களைப் பிரித்துத் தைத்து நரைத்துப்போன பிறகும் தெருவுக்கு அவர் 'மூக்குடைச்சான்'தான்.

பூனை எங்கே ஒளிகிறது என்பது வளர்ப்பவர்களுக்குத்தான் புதிர். கூப்பிட்டாலும் வராது, மீனைக் காட்டினாலும் வராது. சோபாக்காரருக்குத் தெரியும்: சோபாவின் அடித்துணியைக் கிழித்து உள்ளே ஏறிவிடும். மேலே நாலு பேர் உட்கார்ந்தாலும் மூச்சு விடாது.

அன்று சோபா தைக்கக் கூப்பிட்டிருந்த வீட்டிலும் அதே கதைதான். "யோவ், அந்தச் சனியன வெளிய இழு. இன்னிக்கு அடிச்சே கொல்லணும்," என்றான் வீட்டுக்காரன். முழங்கையில் நகக்கீறல், கையில் இரும்புக் கம்பி. சுவரோரம் நின்ற மனைவியின் உதடு பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது. கம்பி பூனைக்காக மட்டும் எடுத்ததல்ல என்பது பார்த்ததுமே விளங்கியது.

சோபாக்காரர் மல்லாந்து படுத்துக் கிழிசலுக்குள் கையை விட்டார். ரோமம் தட்டுப்பட்டது. பக்கத்திலேயே வாய் திறந்த ஒரு பை: உள்ளே மாற்றுத்துணி, சான்றிதழ்கள். அவர் நிமிர்ந்தபோது அவள் உயிரைக் கண்ணில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பை இவன் கண்ணில் பட்டால் அவள் கதை முடிந்தது.

"ஸ்பிரிங்ல மாட்டியிருக்குங்க. பட்டறைலதான் பிரிக்கணும்."

"என்கிட்டயே சாக்கா?" கம்பி தோளில் இறங்கியது, அடுத்தது விலாவில். சோபாக்காரருக்குக் கை துடித்தது. இவனைச் சாய்க்க அரை நிமிடம் போதும். ஆனால் அந்தக் குறுகிய அறையில் கட்டிப் புரண்டால் சோபா கவிழும், பை விழும். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது அடியையும் வாங்கினார்.

"எத்தனை அடிச்சாலும் இங்க முடியாதுங்க."

"நானும் போயி சோபாவுக்கு மேல்துணி பாத்துட்டு வரேன்," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

"போய்த் தொலை. அரை மணில இங்க நிக்கணும்."

சோபாவையும் அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியவர், பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்தி, அடித்துணியை அறுத்துப் பையைக் கொடுத்தார். பூனை வரவில்லை. அவள் கையை உள்ளே விட்டாள். எலும்பு வரைக்கும் கடித்துவிட்டது.

"விட்டுரும்மா, நான் பாத்துக்கறேன். பஸ் கிளம்புது."

அவள் கையை எடுக்கவில்லை. ரத்தம் வழிய வழிய அதை வெளியே இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் எங்கண்ணன் கூட்டிட்டுப் போக வந்தப்ப, நானும் இப்படித்தாண்ணே கடிச்சு விரட்டுனேன். அவனும் விட்டுட்டுப் போயிட்டான்," என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினாள்.